நாலு பனை உயரத்தில் சம்பந்தி வீட்டார்

மஞ்சக்காட்டுப்பாளையத்தில் யார் வீட்டுக்குப் போனாலும், நீங்கள் வாசலில் நிற்கிறவரை ஒருவரும் வாயைத் திறந்து "வாங்க" என்று சொல்ல மாட்டார்கள். சிரிப்பார்கள், தலையை ஆட்டுவார்கள், உள்ளே காப்பித்தண்ணி கொதிக்கிற வாசனைகூட வரும், ஆனால் உங்கள் கால் நிலைப்படியைத் தாண்டி உள்ளே பதிந்த பிறகுதான் அந்த வார்த்தை வரும். வெளியூர்க்காரர்கள் இதைத் திமிர் என்கிறார்கள். திமிரெல்லாம் இல்லை, கொங்கு நாட்டில் அந்த ஊரைப் போல் விருந்தாளிக்கு ஏங்குகிற ஊர் வேறு கிடையாது. அந்த ஏக்கத்தால் பட்ட பாடுதான் அவர்களை இப்படி ஆக்கிவிட்டது.

அந்த ஊரில் ஒரு சின்ன விமான நிலையம் உண்டு. இரண்டு பக்கமும் மஞ்சள் காடு, நடுவே ஒற்றை ஓடுபாதை, ஓரத்தில் ஒரு கோபுரம், கோபுரத்தின் உச்சியில் கண்ணாடி அறை, அந்த அறையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, வருகிற விமானத்துக்கு இறங்கலாம் என்றும் பொறுத்திரு என்றும் சொல்கிற அதிகாரியாக ராக்கியண்ணனின் மகள் கோகிலவாணி. ராக்கியண்ணன் மஞ்சள் மண்டிக்காரர். மகளுக்கு வரன் பார்த்துப் பார்த்துச் சலித்தவர். வந்தவர்கள் எல்லோரும் நன்றாகத்தான் பேசினார்கள், பஜ்ஜியை இன்னொரு தட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள், "ஊருக்குப் போய்ச் சொல்லியனுப்பறமுங்க" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்கள், போனவர்களில் ஒருவரும் சொல்லியனுப்பவில்லை. அதனால் ராக்கியண்ணனுக்கு ஒரு பயம் நெஞ்சில் குடியேறிவிட்டது: தன் வாசலிலிருந்து திரும்பிப் போகிற எவரும் மறுபடி வருவதில்லை என்று.

கடைசியில் வரனை மகளே தேடிக்கொண்டாள், அதுவும் வானத்தில். காலை விமானத்தை ஓட்டிவரும் கேப்டன் திருமூர்த்தி உடுமலைப் பக்கத்துப் பையன். கோபுரமும் விமானமும் பேசிக்கொள்ளும் வார்த்தைகளை எல்லாம் எந்தக் காலத்திலோ யாரோ எழுதிவைத்துவிட்டார்கள், காற்று எந்தப் பக்கம், மேகம் எவ்வளவு உயரம், இறங்கலாம், இறங்கிவிட்டேன், அவ்வளவுதான், அதற்கு மேல் ஒரு வார்த்தை கூடாது. இரண்டு பேரும் அந்த நறுக்குப் பேச்சுக்குள்ளேயே ஒருவர் குரலை ஒருவர் மனப்பாடம் செய்துகொண்டார்கள். ஒருநாள் அவன் இறங்கிவிட்டேன் என்பதோடு நிற்காமல் "சாப்டீங்களா?" என்று கேட்டுவிட்டான். அது விதியில் இல்லாத கேள்வி. கோகிலவாணி பதிலுக்குக் காற்றின் வேகத்தைச் சொன்னாள், ஆனால் சொன்ன விதத்தில் அவனுக்குப் புரிந்துவிட்டது.

இப்படியாக, தை மாதம் பிறந்ததும், விமானத்தில்தான் போக வேண்டும் என்று உடுமலையிலிருந்து பெங்களூருக்கே வந்துவிட்ட அம்மா மயிலாத்தாளையும் சொந்தபந்தங்களையும் தட்டு, பழம், பட்டுப்புடவை சகிதம் தன் விமானத்திலேயே ஏற்றிக்கொண்டு, அங்கிருந்து நிச்சயத்துக்குப் புறப்பட்டு வந்தான் திருமூர்த்தி. அன்றைக்குப் பார்த்துக் கோபுரத்தில் முறை மாற்ற வேண்டிய ஆளுக்குக் காய்ச்சல். கோகிலவாணி பட்டுச்சேலையும் தலை நிறைய மல்லிகையுமாகப் போய் உட்கார்ந்து, பூவுக்கு மேலேயே ஹெட்போனை அழுத்தி மாட்டிக்கொண்டாள். அன்றைக்குப் பார்த்து வாய்க்காலிலிருந்து மூடுபனியும் எழுந்து வந்தது. தயிரை ஊற்றியதுபோல் மஞ்சள் காட்டை மூடியது, ஓடுபாதையை மூடியது, சந்தைப்பேட்டையை மூடியது. கண் தெரிகிற தூரத்தை அவள் உள்ளது உள்ளபடியே சொன்னாள்; முயன்று பார்க்கலாம், அதற்குமேல் உத்தரவாதமில்லை என்கிற அளவுதான் இருந்தது.

இங்கே விமானக்காரர்களின் விதி ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பனிக்குள் கருவிகளை நம்பிக் கண்ணைக் கட்டிக்கொண்டு இறங்கி வருகிற விமானத்துக்கு ஓர் உயரம் குறித்திருக்கிறார்கள், சுமாராக நாலு பனை உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முடிவு உயரம் என்று அதற்குப் பெயர். அங்கே வந்ததும் ஓட்டுகிறவன் நிமிர்ந்து பார்க்க வேண்டும். ஓடுபாதையின் விளக்கு தெரிந்தால் இறங்க வேண்டும், தெரியாவிட்டால் அந்த நொடியே மேலே ஏறி, ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி முயல வேண்டும், இல்லையென்றால் வேறு ஊருக்குப் போக வேண்டும். தெரிகிற மாதிரி இருக்கிறது, கொஞ்சம் இறங்கிப் பார்ப்போம், இவ்வளவு தூரம் வந்தாயிற்றே என்பதெல்லாம் கூடாது. அந்த விதியை யாரும் மேசை முன்னால் உட்கார்ந்து யோசித்து எழுதவில்லை. விழுந்த விமானங்களைப் பொறுக்கி எடுத்துவிட்டு எழுதினார்கள்.

திருமூர்த்தி நாலு பனை உயரத்துக்கு வந்தான், நிமிர்ந்தான், விளக்கு தெரியவில்லை. மேலே ஏறுகிறேன் என்று சொல்ல மைக்கின் குமிழை அழுத்தினான். அந்த நேரம் பார்த்து அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து மயிலாத்தாளின் குரல், "வந்தாச்சா சாமி? பொண்ணு ஊடு எது?" என்று கோபுரம்வரை கேட்டது. ஓட்டுநர் அறைக் கதவு பூட்டியிருக்க வேண்டும் என்பதும் விதிதான், ஆனால் மயிலாத்தாளுக்கு இந்த உலகத்தில் பூட்டிய கதவு என்று ஒன்று இருந்ததில்லை. பெரியவர்களின் குரல் வாசலில் கேட்டால் அந்த ஊர்ப் பெண்ணின் வாய் மூளையைக் கேட்டுக்கொண்டா திறக்கும்? கோகிலவாணி மைக்கை அழுத்தி, நெஞ்சு நிறைந்த சந்தோஷத்தில், சுத்தமான கொங்குத் தமிழில் சொல்லிவிட்டாள்: "வாங்கோ! வாங்கோ!"

அவ்வளவுதான், விமானம் நின்றுவிட்டது. ஓடுபாதை தெரியாததால் இறங்க முடியாது, பெண்வீட்டார் வாயால் வாங்க என்று அழைத்த பிறகு திரும்பிப் போகவும் முடியாது. இரண்டு விசிறிகளும் அரிசி ஆலை மாதிரி ஒரே சீராக இரைந்துகொண்டிருக்க, சந்தைப்பேட்டைக்கு நேர்மேலே, பனிக்குள் வெள்ளை வயிறு மங்கலாகத் தெரிய, அது பாட்டுக்கு நின்றது.

தலைமை அலுவலகத்திலிருந்து தொலைபேசி வந்தது. "வந்துடுச்சா?" என்றார் பெரிய அதிகாரி.

"வந்து நிக்குதுங்க சார்."

"எங்க, பார்க்கிங்லயா?"

"இல்லீங்க. சந்தைக்கு மேல."

அவர் சற்று யோசித்துவிட்டு, வந்தது என்று எழுதுவதா வரவில்லை என்று எழுதுவதா என்று கேட்டார். தாமதம் என்று எழுதிக்கொள்ளுங்கள் என்றாள் கோகிலவாணி. அப்பாடா என்று வைத்துவிட்டார்.

ஊர் இதைவிடச் சுலபமாக எடுத்துக்கொண்டது. சம்பந்தி வீட்டார் மேலே நிற்கிறார்கள், பசியோடிருப்பார்கள் என்கிற ஒன்றுதான் ஊருக்கு உறைத்தது. ராக்கியண்ணன் தென்னை மரம் ஏறுகிறவர்களின் கயிற்றையெல்லாம் முடிச்சுப் போட்டுச் சேர்த்தார், விமானத்தின் பின்கதவைத் திறந்து அங்கிருந்தவர்கள் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டார்கள், நிச்சயத்துக்கு ஆக்கி வைத்திருந்த பருப்பும் நெய்யும், கத்தரிக்காய்க் குழம்பும், பாயசமும் அண்டா அண்டாவாக மேலே போயின. மயிலாத்தாள் கதவோரம் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து எல்லாவற்றையும் ருசி பார்த்து, "பாயசத்துல ஏலக்காய் எச்சா!" என்று கீழே குரல் கொடுத்தாள். சம்பந்தியம்மா குறை சொல்ல ஆரம்பித்துவிட்டாள், இனி உறவு நிச்சயம் என்று ஊரே பூரித்தது.

மறுநாள் சந்தை கூடியது. விமானத்தின் இறக்கைக்கு அடியில் வெயில் வராது என்று தக்காளிக்காரர்கள் அந்த நிழலுக்கு அடித்துக்கொண்டார்கள், பனிக்குள் வெயிலே இல்லை என்பதை யாரும் யோசிக்கவில்லை. விசிறிக் காற்றில் மிளகாய் வேகமாய்க் காய்ந்தது. ஆட்டோக்காரர்கள் ஒரு நிறுத்தம் போட்டு 'பிளேனடி' என்று பெயர் எழுதினார்கள். மேலிருந்து ஈரத்துணி சொட்டுவதாக இரண்டு கடைக்காரர்கள் பஞ்சாயத்தில் பிராது கொடுக்க, விருந்தாளி துணியில் சொட்டுகிற தண்ணீரைப் பிராதில் சேர்க்க முடியாது என்று தலைவர் தள்ளிவிட்டார். நிச்சயத்துக்குச் சம்பந்தமே இல்லாத பயணிகள் முதல் நாள் கத்தினார்கள், இரண்டாம் நாள் விருந்துக்குப் பிறகு அடங்கினார்கள், மூன்றாம் நாள் பெண்ணுக்கு என்ன நகை போடுகிறீர்கள் என்று விசாரிக்கிற அளவுக்குச் சொந்தமாகிவிட்டார்கள். துணை விமானியான நாக்பூர்ப் பெண் மட்டும், மேலே ஏறு, மேலே ஏறு என்று தன் பாஷையில் திருமூர்த்தியிடம் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டி, மயிலாத்தாள் கொடுத்த சுக்குக் கசாயத்தைக் குடித்துக்கொண்டிருந்தாள்.

பனி மற்ற எல்லா ஊரிலும் விலகிவிட்டது. இங்கே மட்டும், விருந்தாளி இருக்கிறபோது எப்படிக் கிளம்புவது என்பதுபோல், உட்கார்ந்துகொண்டது.

கோகிலவாணி கோபுரத்தை விட்டு இறங்கவே இல்லை. மல்லிகை வாடியதுகூட அவளுக்குத் தெரியவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருந்தது ஒன்றே ஒன்றை, விமானத்தின் உயரத்தைக் காட்டுகிற எண்ணை. அது குறைந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு விருந்துக்குப் பிறகும் கொஞ்சம், பொங்கலும் வடையும் மேலே போன காலைகளில் கொஞ்சம் அதிகமாக. நாலு பனை உயரம் மூன்றரைப் பனையாகி, மூன்று பனையாகி, சந்தைப் புளியமரத்தின் உச்சிக் கிளைகள் விசிறிக் காற்றில் பேயாட்டம் ஆடத் தொடங்கின.

ஊரும் அதைக் கவனித்தது, கவனித்துக் குலவை போட்டது. சோறு போட்டே இறக்கிவிடலாம் என்பது ஊருக்குப் பிடிபட்டதும், ராக்கியண்ணன் வீட்டோடு நில்லாமல் தெருவுக்கொரு அடுப்பு மூட்டினார்கள், அதிரசம் சுட்டார்கள், கச்சாயம் சுட்டார்கள். "இன்னும் நாலே பந்தி, சம்பந்தி கால் தரையில" என்று ஒலிபெருக்கி வைத்துச் சொன்னார்கள்.

அடியில் இருந்தது ஓடுபாதை அல்ல, சந்தை. அங்கே தக்காளிக்காரர்கள் இருந்தார்கள், ஆட்டோக்காரர்கள் இருந்தார்கள், அண்ணாந்து பார்த்துக் கையாட்டுகிற பாதி ஊர் இருந்தது.

கோகிலவாணி அப்பாவைக் கோபுரத்துக்குக் கூப்பிட்டுக் கண்ணாடி வழியாகக் காட்டினாள். "என்னங்கப்பா தெரியுது?"

"பனி தெரியுது கண்ணு."

"ரன்வே தெரியுதுங்களா?"

ராக்கியண்ணன் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தார். "தெரியற மாதிரித்தான் இருக்குது."

"தெரியற மாதிரி இருக்குதுன்னு சொல்லித்தானுங்கப்பா எல்லாரும் செத்துப் போறாங்க. நான் அவியளப் போகச் சொல்லப் போறேன்."

அவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "வேண்டாங் கண்ணு. வந்தவியளப் போகச் சொல்ற வழக்கம் நம்ம வம்சத்துல இல்ல. நீ ஒரே ஒரு பொய் சொல்லீரு சாமி. விளக்கு தெரியுதுன்னு சொல்லீரு. பையன் கெட்டிக்காரன், எறக்கிருவான். இவியளும் போயிட்டாங்கன்னா…" அதற்கு மேல் சொல்ல முடியாமல் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். "நம்ம வாசல்ல இருந்து போனவிய எவியளாச்சும் திரும்பி வந்திருக்கறாங்களா? நீயே சொல்லு."

கோகிலவாணிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. திருமூர்த்தி வேண்டும் அவளுக்கு, ரொம்பவும் வேண்டும், அந்தக் குரல் இல்லாத காலை நேரம் ஒன்றைக்கூட அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அதற்காகவே போகச் சொல்ல வேண்டியிருந்தது. கீழே ஒலிபெருக்கி இன்னும் இரண்டே பந்தி என்றது. அவள் மைக்கை எடுத்து, மேலே ஏறிப் போ என்பதற்கு விதியில் எழுதியிருக்கிற வார்த்தையை, எழுதியிருக்கிறபடியே சொன்னாள்: "கோ அரவுண்ட்."

விசிறிகள் இரைந்தன. திருமூர்த்தி மூச்சு விடுவது மட்டும் கேட்டது. பிறகு மைக் கை மாறுகிற கரகரப்பு, பிறகு மயிலாத்தாள்.

"ஏனம்மிணி, என்னமோ இங்கிலீசுல சொன்னயாமா. எங்களப் போகச் சொன்னயாக்கும்?"

"ஆமாங்க அத்தை. போகச் சொன்னேனுங்க."

சந்தைக்கு இந்தப் பேச்சு எப்படிக் கேட்டதோ தெரியாது, ஒலிபெருக்கி நின்றுவிட்டது, அடுப்பில் இருந்தவர்கள் கரண்டியோடு நிமிர்ந்தார்கள், ஊரே அண்ணாந்தது.

"வாங்கன்னு கூப்பிட்டதும் நாந்தானுங்க," என்றாள் கோகிலவாணி. "ஆசையில கூப்பிட்டுட்டேன். எனக்கு வாசலே தெரியலீங்க அத்தை. என்ற கண்ணுக்குத் தெரியாத வாசலுக்கு உங்களக் கூப்பிட்டது தப்புங்க. நீங்க நல்லா இருக்கோணும். அவரு நல்லா இருக்கோணும். இப்பப் போயிட்டு, வாசல் தெரியறபோது வாங்க. வரலீன்னாலும் எங்கயாச்சும் நல்லா இருங்க."

பிறகு மயிலாத்தாள் "சரி" என்றாள். வெறும் சரி. அதில் கோபம் இருந்ததா, வருத்தம் இருந்ததா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. திருமூர்த்தியின் குரல் கோகிலவாணி சொன்ன அந்த இரண்டு இங்கிலீசு வார்த்தைகளையும் விதிப்படி திருப்பிச் சொன்னது. விசிறிகள் உறுமின, கயிறு அறுந்து அண்டாவோடு வாய்க்காலில் விழுந்தது, புளியமரம் குலுங்கியது, அந்த வெள்ளை வயிறு மேலே மேலே ஏறிப் பனிக்குள் மறைந்தது.

மறைந்த கொஞ்ச நேரத்துக்கெல்லாம் பனியும் கிளம்பிவிட்டது. பளீரென்று வெயில் அடித்தது. சந்தைப்பேட்டை வெறிச்சோடிக் கிடந்தது, 'பிளேனடி' பலகைக்கு மேல் வானம்தான் இருந்தது. ராக்கியண்ணன் நிச்சயத்துக்குப் போட்ட பந்தலைப் பிரிக்கச் சொல்லாமலும் இருக்கச் சொல்லாமலும் அதன் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். கோகிலவாணியிடம் ஊர் பேசவில்லை. காய்கறிக் கடையில் கேட்டதை எடுத்துக் கொடுத்தார்கள், கொசுறுக் கறிவேப்பிலை போடவில்லை. அந்த ஊரில் அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. காலை விமானத்தை வேறு யாரோ ஓட்டிவந்தார்கள். திருமூர்த்தியை வீட்டில் உட்காரவைத்து விசாரிக்கிறார்கள் என்று பேச்சு. கோகிலவாணியையும் விசாரித்தார்கள். வாங்க என்று ஏன் சொன்னாய் என்று வடக்கேயிருந்து வந்த அதிகாரி கேட்டார். எங்கள் பக்கத்தில் அப்படித்தான் என்றாள் அவள். கண்டித்துவிட்டுப் போனார். உடுமலையிலிருந்து மட்டும் ஒரு சொல்லும் வரவில்லை, ராக்கியண்ணன் எதிர்பார்த்தது போலவே.

மாசி பிறந்து ஒரு காலை. வாய்க்காலில் மறுபடியும் பனி எழுந்திருந்தது. ஹெட்போனில் அவள் மனப்பாடம் செய்துவைத்திருந்த குரல் வந்தது, விமானத்தின் எண்ணைச் சொன்னது, இறங்கி வருகிறேன் என்றது. கோகிலவாணி காற்றின் திசையைச் சொன்னாள், கண் தெரிகிற தூரத்தைச் சொன்னாள், சேலைத் தலைப்பைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டாள்.

நாலு பனை உயரம். விளக்கு தெரியவில்லை. திருமூர்த்தி மேலே ஏறுகிறேன் என்று சொல்லி முடிப்பதற்குள்ளேயே பின்னாலிருந்து மயிலாத்தாள், "தெரியலீன்னா மேல தூக்கு சாமி, என்ன இப்ப அவசரம், பொண்ணு எங்கியும் ஓடிப் போயிடாது!" என்று அதட்டினாள். விமானம் ஊரின் தலைக்கு மேல் உறுமிக்கொண்டு ஏறிப் போயிற்று. பந்தலுக்குக் கீழே ராக்கியண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். கோபுரத்தில் கோகிலவாணி வாயில் சேலைத் தலைப்போடு சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள்.

ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி வந்தது. இந்தத் தடவை பனியைக் கிழித்துக்கொண்டு விளக்குகள் தெரிந்தன. தெரிகிறது என்றான் திருமூர்த்தி. சக்கரம் தரையில் பட்டது. அவள் வாயைத் திறக்கவில்லை. வேகம் தணிந்து, திரும்பி, வந்து நின்று, படிக்கட்டு வைத்து, மயிலாத்தாள் தட்டோடு இறங்கித் தரையில் கால் வைத்தது வரைக்கும் திறக்கவில்லை.

மயிலாத்தாளும் அங்கேயே நின்றுவிட்டாள். ராக்கியண்ணன் ஓடிப்போய்க் கும்பிட்டார், ஊர்ப் பெண்கள் குலவையிட்டார்கள், அவள் நகரவில்லை. "போகச் சொன்னவ வந்து கூப்பிடோணும்," என்றாள்.

முறை மாற்ற ஆள் வந்ததும் கோகிலவாணி கோபுரத்தின் படிகளில் இறங்கி வந்தாள். தலையில் ஹெட்போன் அழுத்திய தடம் இருந்தது, பூ இல்லை. மயிலாத்தாளின் முன்னால் வந்து நின்று, அந்தக் கால் தரையில் பதிந்திருப்பதை ஒரு தடவை குனிந்து பார்த்துக்கொண்டாள்.

"வாங்க அத்தை," என்றாள்.

"இப்பத் தெரியுதா அம்மிணி?"

கோகிலவாணி நிமிர்ந்தாள். மயிலாத்தாளுக்குப் பின்னால், படிக்கட்டின் மேல், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு திருமூர்த்தி நின்றிருந்தான்.

"நல்லாத் தெரியுதுங்க," என்றாள்.